ஒரே முட்டை, இரண்டு உடல்: ராணித் தேனீயும் வேலைக்காரத் தேனீயும் எங்கே பிரிகின்றன?

களக்காடு தேனீப்பெட்டி | பிப்ரவரி 2, காலை 7.15

அனைவருக்கும் வணக்கம். களக்காட்டுக்கு மேற்கே, மலையடிவாரத்து வாழைத் தோட்டம் ஒன்றில் பத்துப் பெட்டிகளில் அடுக்குத் தேனீ வளர்த்து வருகிறேன். தை பிறந்ததும் வலுவான கூட்டங்களைப் பிரித்து வைப்பது வழக்கம். இந்த ஆண்டு அப்படிப் பிரித்தபோது, ராணி இல்லாத பாதிக்கு முட்டையும் இளம்புழுவும் நிறைந்த அடை ஒன்றைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தால், அடையின் நடுவில் இருந்த சாதாரண வேலைக்காரப் புழுக்களின் அறைகள் இரண்டை மட்டும் தேனீக்கள் அகலப்படுத்தி, கீழ்நோக்கி வளைத்து, நிலக்கடலைத் தோடு போல நீட்டி வைத்திருந்தன. உள்ளே பால் நிறக் கூழில் புழு மிதந்து கொண்டிருந்தது. பக்கத்து அறையில் அதே நாளில், அதே தாயிட்ட முட்டையிலிருந்து வந்த புழு, அறையின் அடியில் ஒட்டிய சிறிதளவு உணவோடு சுருண்டு கிடந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி இதை எட்டிப் பார்த்துவிட்டு, “இரண்டுக்கும் மரபணு ஒன்றுதானே, தாத்தா?” என்று கேட்டாள். ஆமாம், உணவுதான் வேறு என்றேன். “உணவு வேறானால் உடம்பு பெருக்கலாம், சிறுக்கலாம். வேலைக்காரத் தேனீயின் பின்னங்காலில் இருக்கும் மகரந்தக் கூடை ராணிக்கு ஏன் இல்லாமல் போகிறது? சாப்பாடு எப்படி ஒரு கூடையை அழிக்கும்?” என்று அடுத்த கேள்வியைக் கேட்டாள். முப்பது ஆண்டுகளாகத் தேனீயோடு பழகியும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை, விடையும் தெரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டும்.

பாளை விலங்கியல் | பிப்ரவரி 2, இரவு 9.40

அண்ணாச்சி, உங்கள் பேத்தி சரியான இடத்தில் விரலை வைத்திருக்கிறாள். கல்லூரியில் விலங்கியல் கற்பித்த எனக்கு மாணவிகளிடமிருந்து இந்தக் கேள்வி மிக அரிதாகவே வந்தது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆண் தேனீயை ஒதுக்கி வைத்துவிடலாம். அது கருவுறாத முட்டையிலிருந்து வருவதால் தாயின் பங்காகிய 16 குரோமோசோம்கள் மட்டுமே அதற்கு உண்டு. ராணியும் வேலைக்காரத் தேனீயும் கருவுற்ற முட்டையிலிருந்து 32 குரோமோசோம்களோடு வருகின்றன. எந்தப் பெண் புழுவும் முதல் மூன்று நாளைக்குள் எந்தப் பக்கமும் போகலாம். மெல்லிஃபெரா என்னும் ஐரோப்பியத் தேனீயில் ராணி 16 நாளிலும், வேலைக்காரத் தேனீ 21 நாளிலும் அறையை விட்டு வெளிவருகின்றன. நம் அடுக்குத் தேனீயில் இது சிறிது முன்பின் இருக்கும். பெரிய உடலைக் கொண்ட ராணிதான் விரைவாக வளர்ந்து முடிக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இனி மரபணு வெளிப்பாடு. நம் ஊர்க் குளத்துப் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குளத்துத் தண்ணீர் ஒன்றுதான். எந்த மடையை, எந்த மாதத்தில், எத்தனை நாள் திறக்கிறோம் என்பதைப் பொறுத்தே கீழ்வயலில் கார், பிசானம் என்னும் இரு போக நெல்லும் விளைகின்றன. உடலின் ஒவ்வொரு உயிரணுவிலும் எல்லா மரபணுக்களும் இருக்கின்றன என்றாலும், ஒரு வேளையில் அவற்றுள் சில மட்டுமே திறந்து, ஆர்.என்.ஏ. படி எடுக்கப்பட்டு, புரதமாகின்றன. அந்தத் திறப்பையும் அடைப்பையும் அளவையும் சேர்த்துத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம். பயிர் வாடிய பிறகு மடையைத் திறந்து பயனில்லை அல்லவா? புழுவுக்கும் அப்படியே. மூன்று நாளுக்கு மேல் வேலைக்கார உணவில் வளர்ந்த புழுவை எடுத்து ராணி அறையில் விட்டு, எவ்வளவு கூழ் ஊட்டினாலும் முழுமையான ராணி வருவதில்லை.

கூடையை யார் அழித்தார்கள் என்ற கேள்விக்கு, சூலகத்தை எடுத்துக்காட்டாக வைத்து விடை சொல்வது எளிது. மெல்லிஃபெரா ராணியின் ஒவ்வொரு சூலகத்திலும் முட்டை உருவாகும் குழாய்களான சூல்குழல்கள் 150-க்கு மேல் இருக்கும். வேலைக்காரத் தேனீயில் பெரும்பாலும் பத்துக்கும் குறைவு. வேலைக்காரத் தேனீக்குச் சூல்குழல்கள் உருவாகவே இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படியன்று. இளம்புழுவாக இருக்கும்போது இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் சூல்குழல்களின் தொடக்க நிலைகள் இருக்கின்றன. கடைசிப் புழுப் பருவத்தில், வேலைக்காரப் புழுவின் சூலகத்தில் மட்டும், உயிரணுக்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும் மரபணுத் திட்டம் ஓடத் தொடங்குகிறது. ராணிப் புழுவின் இரத்தத்தில் அந்த நாட்களில் இளம்பருவ ஹார்மோன் மிகுந்திருப்பதால் அந்த அழிவு தடுக்கப்படுகிறது. வேலைக்காரப் புழுவின் மேல் அந்த ஹார்மோனைத் தடவினால் அதன் உடலும் ராணிப் பக்கம் சாய்வதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள்.

காலில் இதுவே தலைகீழாக நடக்கிறது. பின்னங்காலை வடிவமைக்கும் மரபணுக்கள் ராணிக்கும் உண்டு. கூட்டுப்புழுப் பருவத்தில் அவை எந்த அளவில், எந்தப் பகுதியில் வெளிப்படுகின்றன என்பது மாறுவதால், ஒன்றில் குழிந்த, ஓரத்தில் நீள்முடி வரிசை கொண்ட கூடை அமைகிறது, மற்றொன்றில் வெறும் தட்டையான கால் அமைகிறது. ஆகவே உணவு கூடையை அழிக்கவில்லை என்று பேத்தியிடம் சொல்லுங்கள். உணவு உடலுக்கு ஒரு செய்தி. அந்தச் செய்தியை ஹார்மோன் சுமந்து செல்கிறது. அதைக் கேட்டுக் கூடையைக் கட்டுவதா, விடுவதா என்று முடிவு செய்பவை காலின் உயிரணுக்கள்.

அம்பை வயல் | பிப்ரவரி 3, காலை 6.30

டீச்சர், மடை உவமை எங்களைப் போன்ற வயல்காரர்களுக்குப் பளிச்சென்று விளங்கியது. ஒரு சந்தேகம். எல்லாப் புழுக்களுக்கும் முதல் மூன்று நாள் கூழ்தான் என்கிறார்கள். பிறகு ராணிக்கு மட்டும் அது தொடர்கிறது. அப்படியானால் ராயல் ஜெல்லி எனப்படும் அந்தக் கூழில் ஏதோ ஓர் அரிய மருந்துப் பொருள் இருக்க வேண்டுமே? கடைகளில் அதைச் சிமிழில் அடைத்துப் பெரும் விலைக்கு விற்கிறார்கள்.

கடையம் ஆய்வு மாணவன் | பிப்ரவரி 3, இரவு 11.05

வணக்கம். பூச்சியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். அம்பை அண்ணாச்சி கேட்டது ஆய்வாளர்களே நெடுநாள் மோதிக்கொண்ட கேள்வி.

2011-இல் ஜப்பானிய ஆய்வாளர் மசாகி கமாகுரா, ராயல் ஜெல்லியில் உள்ள ஒரு புரதமே ராணியை உருவாக்குகிறது என்று நேச்சர் இதழில் எழுதி, அதற்கு ராயலாக்டின் என்று பெயரும் வைத்தார். செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. 2016-இல் அதே இதழில் ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்வாளர்கள், அந்தப் புரதத்தை நம்பாமலேயே ராணிகளை வளர்த்தெடுக்க முடியும் என்று எழுதி அதை மறுத்தார்கள். ஒரு தனிப்பொருளைப் பிடித்து அதன் தலையில் முடி சூட்டுவதை நான் ஏற்கவில்லை. புழுவுக்குக் கிடைக்கும் உணவின் அளவு, அதிலுள்ள சர்க்கரை, புரத விகிதம், அறையின் இடவசதி ஆகிய எல்லாமே சேர்ந்துதான் வேலை செய்கின்றன. இதன் மறுபக்கத்தைப் பலரும் பேசுவதில்லை. வேலைக்காரப் புழுவுக்கு நான்காம் நாளிலிருந்து தேனோடு மகரந்தமும் கலந்து ஊட்டப்படுகிறது. அந்த மகரந்தத்தில் உள்ள தாவரச் சிற்றார்.என்.ஏ.க்கள் (மரபணு வெளிப்பாட்டை மட்டுப்படுத்தும் மிகச் சிறிய ஆர்.என்.ஏ. துண்டுகள்) புழுவின் வளர்ச்சியையும் சூலக வளர்ச்சியையும் மட்டுப்படுத்துவதாக 2017-இல் ஓர் ஆய்வு காட்டியது. ராணிக்கு என்ன கொடுக்கப்படுகிறது என்று மட்டும் பார்க்காமல், எதிலிருந்து அது காப்பாற்றப்படுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

சிமிழில் விற்பதைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். மூன்று நாள் புழுவுக்கே காலம் கடந்துவிடுகிறது என்றால், வளர்ந்து முடித்த மனிதருக்கு அது எதையும் ராணியாக்காது.

இனி மடையை அடைக்கும் ஷட்டரைப் பற்றி. டி.என்.ஏ.வின் எழுத்துக்களை மாற்றாமல், அவற்றின் மேல் மெத்தில் என்னும் சிறு வேதிக்குறியை ஒட்டும் வழக்கம் தேனீயில் உண்டு. இது மெத்திலேற்றம் எனப்படும். புதிதாக மெத்திலை ஒட்டும் நொதிக்கு டி.என்.எம்.டி.3 என்று பெயர். 2008-இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ரிஷார்ட் மாலெஷ்காவின் குழு, அப்போதே பொரித்த புழுக்களில் அந்த நொதியின் மரபணுவை ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு முறையில், அதாவது அதன் ஆர்.என்.ஏ. படியை அழிக்கச் செய்து, அடக்கியது. அடக்கப்பட்ட புழுக்களுள் பெரும்பான்மையானவை, ஏறத்தாழ 72 விழுக்காடு, முழு வளர்ச்சியடைந்த சூலகத்தோடு ராணிகளாக வெளிவந்தன. உணவை மாற்றாமல், மரபணுவின் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல், ஒட்டும் கையை மட்டும் கட்டிப் போட்டதால் விளைந்த மாற்றம் இது. நான் இந்தத் துறைக்கு வந்ததற்கே அந்த ஆய்வுக் கட்டுரைதான் காரணம்.

ஆனாலும் அதுவே இறுதிச் சொல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பாலிஸ்டெஸ் டொமினுலா என்னும் ஐரோப்பியக் குளவியின் மரபுத்தொகுதியில் டி.என்.எம்.டி.3 மரபணுவே இல்லை, மெத்திலேற்றமும் மிகச் சொற்பம். இருந்தும் அதற்கு அரசியும் வேலைக்காரிகளும் இருக்கின்றன. ஷட்டர் இல்லாத மடையிலும் களிமண்ணை அப்பி அடைப்பவர்கள் இருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

வள்ளியூர் வாசகி | பிப்ரவரி 4, மதியம் 1.20

எங்கள் வீட்டு ஜன்னல் மேற்கட்டில் காகிதம் போன்ற கூட்டில் ஒல்லியான செம்பழுப்புக் குளவிகள் இருக்கின்றன. எது அரசி என்று எவ்வளவு உற்றுப் பார்த்தும் தெரியவில்லை. அவற்றிலும் இப்படி உடல் வேறுபாடு உண்டா?

கடையம் ஆய்வு மாணவன் | பிப்ரவரி 4, இரவு 10.15

அக்கா, நீங்கள் சொல்வது ரோபாலிடியா மார்ஜினேட்டா ஆக இருக்க வாய்ப்பு மிகுதி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் ராகவேந்திர கதக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த குளவி அது. உங்கள் கண்ணில் குறையில்லை. அதில் அரசிக்கும் வேலைக்காரிகளுக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடே கிடையாது. அரசியை எடுத்துவிட்டால், சில நிமிடங்களில் ஒரு வேலைக்காரி மற்றவற்றை விரட்டிக் கடிக்கத் தொடங்கும். சில நாள்களில் அதன் சூலகம் வளர்ந்து, அதுவே அமைதியான அரசியாகிவிடும். அங்கே மடை வளர்ந்த பிறகும் பூட்டப்படாமலே இருக்கிறது.

களக்காடு தேனீப்பெட்டி | பிப்ரவரி 5, காலை 5.50

தம்பி எழுதியதைப் படித்ததும் சென்ற ஐப்பசியில் எனக்கு நேர்ந்த இழப்பு நினைவுக்கு வந்தது. அடைமழை விடாமல் பெய்ததால் மூன்று வாரம் பெட்டிகளைத் திறக்கவில்லை. திறந்தபோது ஒரு பெட்டியில் ராணி இல்லை. ஆனால் முட்டைகள் இருந்தன. ஓர் அறையில் மூன்று, இன்னோர் அறையில் ஐந்து என்று, அடியில் நடுவாக நிற்காமல் சுவரில் தாறுமாறாக ஒட்டிக் கிடந்தன. மூடிகள் எல்லாம் மேடாகப் புடைத்து, வந்தவை அத்தனையும் ஆண் தேனீக்கள். புழு அடை கொடுத்துப் பார்த்தேன், அவை ராணி அறை கட்டவே இல்லை. கூட்டம் கண்முன்னே கரைந்து போனது. வேலைக்காரத் தேனீக்கு மிஞ்சிய அந்த நான்கைந்து சூல்குழல்கள்தான் அந்த வேலையைச் செய்தனவா, டீச்சர்?

பாளை விலங்கியல் | பிப்ரவரி 5, இரவு 8.30

ஆம், அண்ணாச்சி. ராணியின் தாடைச் சுரப்பியிலிருந்து பரவும் மணமும், புழுக்களிடமிருந்து வரும் மணமும் இருக்கும்வரை வேலைக்காரத் தேனீயின் சூலகம் உறங்கிக் கிடக்கும். இரண்டும் இல்லாது போனால் அது விழித்துக்கொள்ளும். ஆனால் ஆணோடு இணைய அதற்கு உடலமைப்பு இல்லை. எனவே கருவுறாத முட்டைதான், ஆண் தேனீதான். அடுக்குத் தேனீயில் இது மெல்லிஃபெராவை விட விரைவாகவே நடந்துவிடும். உடலின் வடிவம் புழுப் பருவத்திலேயே முடிவாகி, மாற்ற முடியாததாகிறது. உடலின் செயல் பின்னரும் சூழலைக் கேட்டு நடக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

எறும்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முற்றத்தில் குருணை சிந்தினால் வரிசையாக வரும் சிற்றெறும்புகளிடையே, உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலையோடு ஒன்றிரண்டு அசைந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். அவை பெய்டோலே இனத்துச் சிப்பாய்கள். பெரிய தலைக்குள் இருப்பது பெரும்பாலும் தாடைத் தசை. எறும்பின் அரசிக்கு இறக்கை உண்டு, வேலைக்காரிக்கும் சிப்பாய்க்கும் இல்லை. இறக்கையை உருவாக்கும் மரபணுத் தொடர் மூன்றுக்கும் பொதுவானது. 2002-இல் இஹாப் அபூஹீஃப், கிரிகரி ரே என்னும் ஆய்வாளர்கள், அந்தத் தொடர் இறக்கையில்லாதவற்றில் வெவ்வேறு கண்ணிகளில் அறுபடுகிறது என்று காட்டினார்கள். அதைவிட வியப்பானது 2018-இல் வந்தது. சிப்பாய்ப் புழுவில் இறக்கையாக வளர முடியாத இறக்கைத் துளிர் ஒன்று சில நாள் வளர்ந்து மறைகிறது. அது பயனற்ற எச்சம் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். அந்தத் துளிரை வளரவிடாமல் தடுத்தபோது சிப்பாயின் தலையும் உடலும் சிறுத்துப் போயின. பறக்க உதவாத இறக்கை, தலையைப் பெருக்கும் வேலையைச் செய்கிறது. வகுப்பில் “எச்ச உறுப்பு” என்று எத்தனை முறை அலட்சியமாகச் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணி அன்று வருந்தினேன்.

அம்பை வயல் | பிப்ரவரி 6, காலை 6.10

தென்னங்கன்றுகளைக் கறையான் தின்று தீர்ப்பதால் எனக்கு அதன்மேல்தான் கண். மழை விட்ட மாலையில் தெருவிளக்கைச் சுற்றும் ஈசலை என் அம்மா அண்டாவில் தண்ணீர் வைத்துப் பிடித்து, அரிசியோடு வறுத்துத் தருவார்கள். அந்த ஈசலும், புற்றை உடைத்தால் வெளுத்துப் போய் ஓடும் கறையானும், தாடையை விரித்துக்கொண்டு நிற்கும் சிப்பாயும் ஒரே தாய்ப் பிள்ளைகளா? இன்னொன்று: இவ்வளவும் படித்த பிறகு, பரம்பரைக்கு இதில் பங்கே இல்லை என்று ஆகிறதே, அது எனக்கு ஒப்பவில்லை. நல்ல விதை, மட்டமான விதை என்று ஒன்று இல்லாமலா போகும்?

பாளை விலங்கியல் | பிப்ரவரி 6, இரவு 9.00

ஒரே தாய் தந்தையின் பிள்ளைகள்தாம். கறையான் எறும்புக்கு உறவே அன்று. அது கரப்பான் வழி வந்தது. அதனால் அதன் புற்றில் அரசனும் உண்டு, வேலை செய்பவற்றில் ஆணும் பெண்ணும் உண்டு. புழுவாக இல்லாமல், பொரித்தது முதல் நடமாடும் குஞ்சாக வளர்ந்து, ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் திசை மாறுகிறது. உடலில் இளம்பருவ ஹார்மோன் உயர்ந்தால் அடுத்த தோலுரிப்பில் சிப்பாய் ஆகும். தேனீயில் அதே ஹார்மோன் ராணியின் பக்கம் இழுக்கிறது, இங்கே சிப்பாயின் பக்கம். சொல் ஒன்றாக இருந்தாலும் கேட்கும் செவி வேறு. அமெரிக்கக் கறையான் ஒன்றில், அந்த ஹார்மோனைப் பிடித்து வைக்கும் ஹெக்ஸாமெரின் என்னும் புரதத்தின் மரபணுவை அடக்கியபோது சிப்பாயாக மாறுபவற்றின் எண்ணிக்கை கூடியதாக 2006-இல் காட்டினார்கள். சிப்பாயின் தாடை உணவை மெல்ல உதவாது, வேலைக்காரக் கறையான் ஊட்டித்தான் அது பிழைக்கும். அதனால் புற்றில் சிப்பாய் மிகுந்தால் புதிய சிப்பாய் உருவாவது மட்டுப்படுகிறது.

விதையைப் பற்றி நீங்கள் கேட்டது மிகச் சரி. பிரேசில் நாட்டின் மெலிபோனா என்னும் கொடுக்கில்லாத் தேனீயில் எல்லா அறைகளும் ஒரே அளவு, உணவும் ஒரே அளவு. அங்கே யார் அரசியாவது என்பதில் மரபணுவுக்குப் பங்குண்டு என்று பிரேசில் மரபியலாளர் வார்விக் கெர் நெடுங்காலம் முன்பே வாதிட்டார். அமெரிக்கப் பாலைவனத்துத் தானிய எறும்புகள் சிலவற்றில், தன் கால்வழி ஆணோடு சேர்ந்தால் பிறப்பது அரசி, வேற்றுக் கால்வழி ஆணோடு சேர்ந்தால் வேலைக்காரி. அங்கே விதையே பேசுகிறது. இவை விதிவிலக்குகள் என்றாலும் ஒதுக்கித் தள்ளக் கூடியவை அல்ல.

கடையம் ஆய்வு மாணவன் | பிப்ரவரி 7, அதிகாலை 12.40

டீச்சர் வடிவம் பூட்டப்படும் என்றார்கள். அதில் ஒரு சிறு திருத்தம் தேவைப்படும் எறும்பு நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இருக்கிறது. நீண்ட தாடையும் பெரிய கண்களும் கொண்டு, துள்ளிப் பாய்ந்து இரை பிடிக்கும் ஹார்பெக்னாதோஸ் சால்டேட்டர். ஜெர்டன் 1851-இல் விவரித்த இனம் அது. அதன் அரசி இறந்தால் வேலைக்காரிகள் உணர்கொம்புகளால் நாள்கணக்கில் மோதிக்கொள்ளும். வென்றவற்றின் சூலகம் வளரும், மூளை கணிசமாகச் சுருங்கும், சுமார் ஏழு மாதமாக இருந்த ஆயுள் நான்கு ஆண்டு வரை நீளும். அதைப் பிரித்து வைத்து மீண்டும் வேலைக்காரியாக்கினால் மூளை பழைய அளவுக்குத் திரும்புகிறது. வேட்டையாடும்போது மூளையில் மிகுந்திருக்கும் கோரசோனின் என்னும் சிறு புரதம் முட்டையிடும் நிலைக்கு மாறும்போது குறைகிறது என்று 2017-இல் கண்டார்கள். வெளிக்கூடு மாறாது என்பது உண்மை. உள்ளுறுப்பு மாறுகிறது.

களக்காடு தேனீப்பெட்டி | பிப்ரவரி 21, மாலை 6.45

இரண்டு வாரம் எழுதாததற்குக் காரணம் உண்டு. பேத்தியோடு சேர்ந்து ஒரு சிறு சோதனை செய்தோம். தென்னை ஈர்க்கின் நுனியைச் சீவித் தட்டையாக்கி, அதனால் புழுக்களைக் கூழோடு அள்ளி, மெழுகுக் கிண்ணங்களில் இறக்கி, ராணி எடுத்த பெட்டியில் வைத்தோம். ஐந்து கிண்ணங்களில் காற்புள்ளி அளவே உள்ள ஒரு நாள் புழு. மூன்றில், அறையின் அடியைச் சுற்றி வளைந்துவிட்ட மூன்று நாள் புழு. மூடியில் சாக்குக் கட்டியால் பேத்தி தேதி குறித்தாள்.

சின்னப் புழுக்களில் மூன்றைத் தேனீக்கள் ஏற்றன. பதினோராம் நாளிலும் பன்னிரண்டாம் நாளிலும் அவற்றில் இரண்டு வெளிவந்தன. நீண்ட வயிறு, குட்டை இறக்கை, வழுவழுப்பான பின்னங்கால். முன்னதை மட்டும் விட்டுவைத்து மற்றதை வேறு பெட்டிக்கு மாற்றினோம். பெரிய புழுக்களில் ஒன்றே தேறியது. அது நேற்றுக் காலையில்தான் வந்தது. ராணியை விடச் சிறியது, வேலைக்காரியை விடச் சற்று நீளம். பேத்தி அதைக் கண்ணாடிக் குப்பியில் விட்டு, லென்ஸ் வைத்துப் பின்னங்காலை நெடுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். கூடை இருந்தது, ஆனால் குழி ஆழமில்லை. ஓரத்து முடிகள் ஒரு பக்கம் வரிசையாகவும், மறுபக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாகவும் நின்றன.